மின்மினி அணைத்த சுவிட்ச்

விளக்கை ஏற்றிக்கொண்டு திரிகிற பூச்சிக்கு மின்மினி என்று பெயர். விளக்கை அணைத்துக்கொண்டு திரிகிற பெண்ணுக்கும் அதே பெயரை வைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கல்லூரியில் அப்படித்தான் வைத்தார்கள். வைத்தவர் வாட்ச்மேன் மாமா. அவர் ஒரு பெயரை வைத்துவிட்டால் அவ்வளவுதான், பசை போட்டு ஒட்டியது மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

மின்மினி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மாவுக்குக் கல்லூரியின் விலங்கியல் கட்டடத்தில் வேலை. ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவது, மைக்ரோஸ்கோப்புகளைத் துடைத்து உறை போடுவது, மாலையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பூட்டுவது எல்லாம் அம்மாவின் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் மின்மினியும் அவளுடைய தம்பியும் நேராக அங்கே வந்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்புத் தம்பி, புத்தகப் பையைத் தலைக்கு வைத்து வராந்தா பெஞ்சில் தூங்கிப்போவான். மின்மினியால் மட்டும் ஓர் இடத்தில் உட்காரவே முடியாது.

அப்படிச் சும்மா இருக்க முடியாதவளுக்கு வேலை கொடுத்தவர் சிக்கன சார். அவர் இயற்பியல் ஆசிரியர். சாக்பீஸை விரலில் பிடிக்க முடியாத அளவு தேய்கிற வரை விடமாட்டார். காலி வகுப்பறையில் மின்விசிறி ஓடினால், "நாற்காலிக்கெல்லாம் வேர்க்குதா?" என்று கேட்பார். மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்கக் கல்லூரியில் ஒரு குழு போட்டபோது, அவரைத்தான் தலைவராக்கினார்கள். அவர் மஞ்சள் நிறத்தில் ஒட்டுத்தாள் அச்சடித்து, 'வேலை முடிந்ததா? அணைத்துவிடு!' என்று எல்லா சுவிட்ச் பலகையிலும் ஒட்டிவிட்டார். எல்லாவற்றிலும் என்றால், உண்மையிலேயே எல்லாவற்றிலும். ஒன்றைக்கூட விடவில்லை.

எந்தக் கட்டடம் குறைவாக மின்சாரம் செலவழிக்கிறதோ, அதற்குப் பரிசு என்றும் அறிவித்தார். அவ்வளவுதான். மின்மினி அடிஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எட்டாத சுவிட்சை ஸ்கேலால் தட்டுவாள். சொட்டுகிற குழாயைத் திருகி மூடுவாள். வீட்டிலும் விடுவதில்லை. தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து போனால், அவன் திரும்பி வருவதற்குள் டிவியை அணைத்திருப்பாள்.

"அம்மா! பாரும்மா இவளை!" என்று அவன் போடுகிற கூச்சல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

அன்று வாரத்தின் கடைசி வேலை நாள். மாலையில் வராந்தாவைக் கழுவிவிட்டிருந்தார்கள். "ஈரத்துல வழுக்கி விழாதே. உள்ள வந்து நில்லு. எதையும் தொடாதே" என்று அம்மா அவளை முதல் முறையாக ஆய்வகத்துக்குள் கூப்பிட்டார்.

அம்மா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். மின்மினி கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகத்தான் நின்றாள். ஆனால் அவள் கண் நல்ல பிள்ளையாக இல்லை. அது மூலை முடுக்கெல்லாம் தேடியது. பெரிய அலமாரிக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மினுக்கியது. குனிந்து பார்த்தாள். ஒரு சுவிட்ச். பக்கத்திலேயே சாரின் மஞ்சள் ஒட்டுத்தாள். அதிலிருந்து புறப்பட்ட ஒயர் சுவருக்குள் நுழைந்து எங்கேயோ போனது.

எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள், இது மட்டும் எரிகிறதே! நல்லவேளை, என் கண்ணில் பட்டது.

டக்.

சிவப்புப் புள்ளி மறைந்தது. 'எதையும் தொடாதே' என்று அம்மா சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் சுவிட்சை அணைப்பதைத் தொடுவதென்று யாராவது சொல்வார்களா என்ன? மின்மினி பரிசையே கையில் வாங்கிவிட்டவள் போல நிமிர்ந்து நடந்தாள். அம்மா கதவைப் பூட்டினார். தம்பியை எழுப்பி, மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள். கல்லூரியிலிருந்து வீடு, தெருக்கோடிதான்.

வீட்டில் அம்மா காய் நறுக்க உட்கார்ந்தார். தம்பி டிவி முன்னால் உட்கார்ந்தான். அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மின்மினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு லீவுதான். இருந்தாலும் காலையில ஒரு நடை போயிட்டு வரணும்" என்றார் அம்மா. "ஆராய்ச்சி அக்காவோட முட்டையெல்லாம் நாளைக்கோ நாளன்னைக்கோ பொரிஞ்சிடுமாம். பாவம் அந்தப் பொண்ணு, எத்தனை மாசமா இதே வேலையா இருக்கு!"

ஆராய்ச்சி அக்காவை மின்மினிக்கு ரொம்பப் பிடிக்கும். கல்லூரி விடுதியிலேயே தங்கிப் படிக்கிறவர். கோழிக்குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே வெளியில் கேட்கிற சத்தத்தைத் தெரிந்துகொள்ளுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காகத் தினமும் முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணியை ஆட்டுவார். "முட்டைக்குப் பூஜை பண்றியாம்மா?" என்று வாட்ச்மேன் மாமா கேலி செய்வார்.

"முட்டையெல்லாம் எங்கேம்மா இருக்கு?" என்று மின்மினி கேட்டாள்.

"ஆய்வகத்துக்குப் பின்னாடி உள்அறை இருக்கில்ல, அங்க. அடைகாக்கிற பெட்டின்னு ஒண்ணு. கோழிக்குப் பதிலா அதுதான் முட்டையைச் சூடா வச்சுக்கும். கரண்ட்ல ஓடுது."

மின்மினியின் பென்சில் நின்றது.

"அதோட சுவிட்ச்... அதுவும் உள்அறையிலதானே இருக்கு?"

"இல்லடி. உள்அறையில பிளக் சரியில்லைன்னு சுவரைக் குடைஞ்சு இந்தப் பக்கம் ஒயர் இழுத்திருக்காங்க. பெரிய அலமாரிக்குப் பின்னாடி. ஏன் கேக்கிறே?"

"சும்மாதான்."

சிவப்புப் புள்ளி கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. எழுதின வரியையே அவள் திரும்பவும் எழுதினாள். அடியில் கோடு போட்டாள். கோடு வளைந்து போனது.

சொல்லிவிடலாமா?

சொன்னால் அம்மா என்ன செய்வார்? ஆராய்ச்சி அக்கா இனிமேல் முகம் கொடுத்துப் பேசுவாரா? கல்லூரிக்குள்ளேயே விடமாட்டார்களோ? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த அலமாரிக்குப் பின்னால் அவள் குனிந்ததை யாரும் பார்க்கவில்லையே.

ஆனால் கடைசியாகப் பூட்டியது அம்மா. கேட்டால் அம்மாவைத்தானே கேட்பார்கள்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. இப்போது, இவள் கோடு போட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அந்த முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. அதுகளுக்குக் குளிரும்.

"அம்மா" என்றாள். அம்மா நிமிரவில்லை. மறுபடியும், "அம்மா... நான்தான் அணைச்சேன்."

"என்னத்தை?"

"அந்த சுவிட்சை."

அம்மா கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. அம்மா திட்டுவார் என்று மின்மினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சடாரென்று எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

"செருப்பைப் போடு. ஓடு!"

"நானும்!" என்று தம்பி எழுந்தான். அவனை வீட்டில் தனியே விட முடியாது. மூன்று பேரும் ஓடினார்கள். ஓடிக்கொண்டே அம்மா ஆராய்ச்சி அக்காவுக்கு ஃபோன் செய்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. தெருக்கோடி அன்றைக்குப் பார்த்து எங்கேயோ தள்ளிப்போனது போல இருந்தது மின்மினிக்கு.

கட்டடத்து வாசலில் ஆராய்ச்சி அக்கா நின்றார். தலையை வாரிக்கொண்டிருந்தவர் பாதியில் ஓடிவந்திருக்கிறார். பின்னலில் சீப்பு அப்படியே தொங்கியது. மின்மினி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு, ஒளிந்தால் ஆகாது என்று தானே முன்னால் வந்தாள்.

"அக்கா, நான்தான் தெரியாம..."

"அப்புறம் பேசலாம். முதல்ல சுவிட்சைப் போடு!"

அக்கா சொன்னது அவ்வளவுதான். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா கதவைத் திறந்தார். மின்மினி அலமாரிக்குப் பின்னால் பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. உள்அறையில் பெட்டி மெல்ல உறுமத் தொடங்கியது.

"அப்பாடா!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது எல்லோருக்கும். அக்கா பெட்டியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "சூடு நிறையவே இறங்கியிருக்கு. ஆனா ரொம்ப நேரம் ஆகலை. இப்பவே ஏத்திட்டா..."

டப்!

விளக்கு போயிற்று. பெட்டியின் உறுமலும் நின்றது. கட்டடம் முழுக்க இருட்டு.

"நான் எதையும் தொடலை!" என்று மின்மினி அலறினாள்.

வாட்ச்மேன் மாமா டார்ச்சுடன் ஓடிவந்தார். "யாரு உள்ள? அடடே, நீங்களா? சிக்கன சார் புதுசா ஒரு பெட்டி மாட்டியிருக்காரு. மறுநாள் லீவுன்னா முந்தின சாயங்காலமே கட்டடத்துக்கெல்லாம் கரண்ட்டைத் தானா நிறுத்திடுமாம். இன்னைக்குத்தான் முதல் தடவை."

அக்காவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ இவ அணைக்காம இருந்திருந்தாலும்..." என்று அம்மா இழுத்தார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார் அக்கா.

அதைக் கேட்டு ஆறுதல்பட மின்மினிக்கு நேரமில்லை. பெட்டிக்குள் இன்னும் குளிர்ந்துகொண்டுதானே இருக்கிறது?

"மாமா, அந்தக் கரண்ட் பெட்டியைத் திறங்களேன்!"

"சாவி சார்கிட்ட இருக்கும்மா."

அக்கா சாருக்கு ஃபோன் செய்தார். ஒருமுறை, இன்னொரு முறை. "ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"வரும் வரும்" என்றார் மாமா. "வீட்டுக்குப் போனதும் ஃபோனை அணைச்சிடுவாரு. சார்ஜ் மிச்சமாம். நான் சைக்கிள்ல போய்க் கையோட கூட்டிட்டு வரேன். ஆனா அவரு வீடு கொஞ்சம் தூரம்தான்." டார்ச்சைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு அவர் பறந்தார்.

அக்கா அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மின்மினிக்கு அழுகை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அழுதால் கண்ணீர்தான் சூடாக இருக்கும், முட்டை சூடாகாது என்று அதை விழுங்கினாள்.

"அக்கா" என்றான் தம்பி, டார்ச்சை முட்டைகளின் மேல் பிடித்தபடி. "நான் வேணா மேல உக்காந்து அடைகாக்கட்டுமா?"

"நீ உக்காந்தா ஆம்லெட்தான்டா மிஞ்சும்" என்றார் அம்மா. அந்த நேரத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மின்மினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோழி அடைகாக்கிறதே, அதற்கு ஏது சுவிட்ச்? முட்டைக்கு வேண்டியது சூடுதானே, கரண்ட் இல்லையே!

"அக்கா! எவ்வளவு சூடு இருக்கணும்?"

"கிட்டத்தட்ட நம்ம உடம்புச் சூடு. ஏன்?"

"விடுதி மொட்டைமாடியில வெந்நீர்த் தொட்டி இருக்கே! வெயில்லயே சூடாகுமே, அது! இன்னைக்கு நாள் முழுக்க வெயில்தானே? அந்தத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு, பெட்டிக்குள்ள முட்டையைச் சுத்தி வச்சா?"

அக்கா துள்ளி எழுந்தார். "வா!"

விடுதி எதிரே முற்றத்தைத் தாண்டினால் வந்துவிடும். அக்கா குரல் கொடுத்ததும் அறை அறையாகப் பெண்கள் பாட்டில்களோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி கம்பளிச் சட்டை கொண்டுவந்தாள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் குழாயில் தங்கியிருக்கிற பச்சைத் தண்ணீர்தான் வரும். அதை வீணாக்காமல் பிடிக்க, சிக்கன சார் அங்கே ஒரு வாளி வைத்திருக்கிறார். அவ்வளவு பதற்றத்திலும் மின்மினியின் கை பழக்கத்தில் வாளியைத்தான் முதலில் இழுத்து வைத்தது.

"இப்ப போய் அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கியே!" என்று ஒருத்தி கத்தினாள்.

வெந்நீர் வந்தது. கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. "இதை வச்சா முட்டை வெந்தே போயிடும்!" என்று அக்கா பதறினார். மின்மினி வாளியைக் காலால் நகர்த்தினாள். அதிலிருந்த பச்சைத் தண்ணீரை மொண்டு கலந்தார்கள். கத்திய பெண் வாயை மூடிக்கொண்டு பாட்டிலை நீட்டினாள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன்பு பார்ப்பது போல, அம்மா ஒவ்வொரு பாட்டிலையும் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். அவற்றைத் துணியில் சுற்றி, முட்டைகளின் மேல் படாமல் பெட்டிக்குள் வைத்தார்கள். நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகினார்கள். மேலே கம்பளிச் சட்டையைப் போர்த்தினார்கள்.

"ஆறின பாட்டிலை எடுத்துட்டுச் சூடு பாட்டிலை வைக்கணும். நானும் அம்மாவும் தண்ணி கொண்டுவரோம். நீ இங்கயே உக்காந்து வெப்பமானியைப் பாரு" என்றார் அக்கா.

"நானா?" என்று மின்மினி கேட்டாள்.

"ஆமா, நீதான்."

தம்பி டார்ச் பிடித்தான். மின்மினி முட்டைகளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். சின்னதும் பெரியதுமாக, வெள்ளையும் பழுப்புமாகப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள். எதுவும் அசையவில்லை. உயிரோடு இருக்கின்றனவா இல்லையா என்று எப்படித் தெரியும்?

"மன்னிச்சுக்கோ" என்றாள் ரகசியமாக. "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ. தெரியாமத்தான் அணைச்சேன். மன்னிச்சுக்கோ."

ஒவ்வொரு பாட்டில் மாற்றும்போதும் அதையேதான் சொன்னாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. வெப்பமானியில் கோடு ஏறும். இவள் மூச்சு விடுவாள். கோடு இறங்கும். "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று இன்னும் வேகமாகச் சொல்வாள். தம்பிக்கே அலுத்துப்போய், "அதுங்களுக்குக் கேட்டிருக்கும் விடு" என்றான்.

ஒருவழியாக வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வாட்ச்மேன் மாமாவின் பின்னால் உட்கார்ந்து சிக்கன சார் வந்து இறங்கினார். அவசரத்தில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் தூக்கலாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருந்தது. யாரையும் பார்க்காமல் ஓடிப்போய்க் கரண்ட் பெட்டியைத் திறந்து மின்சாரத்தைக் கொடுத்தார். விளக்கு எரிந்தது. அடைகாக்கும் பெட்டி உறுமியது.

"சார், நான்தான் முதல்ல அணைச்சேன்" என்றாள் மின்மினி.

சார் மூச்சு வாங்கிக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அவர் ஒட்டிய மஞ்சள் ஒட்டுத்தாள் அங்கே பளபளவென்று இருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பிய்த்தெடுத்தார்.

"நான்தான் அணைக்கச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கேன். அது போதாதுன்னு மொத்தக் கட்டடத்தையும் அணைச்சிருக்கேன்" என்றார். "நீ ஒரு சுவிட்சு. நான் ஊர்ப்பட்ட சுவிட்சு!" பிறகு அக்காவிடம் திரும்பி, "பிழைச்சுக்குமாம்மா?" என்று கேட்டார். அவர் குரலும் மின்மினியின் குரல் மாதிரியே நடுங்கியது.

"தெரியலை சார். பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார் அக்கா.

பொறுப்பது என்பது மின்மினிக்குத் தெரியாத வித்தை. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் விடியாததுமாக அம்மாவையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தாள். அக்கா பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தார். முட்டைகள் நேற்று போலவே சும்மா கிடந்தன.

"ஒண்ணும் ஆகலையா?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை."

அதற்கு என்ன அர்த்தம்? நல்லதா, கெட்டதா? கேட்கப் பயமாக இருந்தது. மின்மினி வாசலுக்கும் உள்அறைக்கும் நடந்தாள். பிறகு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். சிக்கன சாரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குப் பித்தான் சரியாக இருந்தது, முகம்தான் சரியாக இல்லை.

"சார், அணைக்கக் கூடாத சுவிட்சு இன்னும் இருக்குமா?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். எனக்கே தெரியலை."

"போய்ப் பார்க்கலாமா?"

இரண்டு பேரும் அறை அறையாகப் போனார்கள். மீன் தொட்டிக்குக் காற்று கொடுக்கிற சுவிட்சிலும் மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்தது. மருந்து வைத்திருக்கிற குளிர்பெட்டியிலும் இருந்தது. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுல 'தொடாதே'ன்னு எழுதி ஒட்டிடுவோம்" என்றார்.

"எழுதினா சின்னப் பிள்ளைங்க படிக்கமாட்டாங்க சார். என் தம்பி இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்" என்றாள் மின்மினி. அவள் பையிலிருந்து வண்ணப் பென்சில் எடுத்து, ஒரு தாளில் உடைந்த முட்டையும் அதிலிருந்து எட்டிப் பார்க்கிற குஞ்சும் வரைந்தாள். "இந்தக் குஞ்சு இருந்தா அணைக்கக் கூடாது. இல்லைன்னா அணைக்கலாம். எப்படி?"

"ஜோரா இருக்கு!" என்றார் சார். "ஆனா குஞ்சு ஏன் இப்படி அழுவுது?"

தெரியாமலேயே அவள் அப்படி வரைந்திருந்தாள். பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மின்மினி! ஓடி வா! சத்தம் போடாதே!"

அக்கா ஒரு முட்டையைக் காட்டி, "காதை வை" என்றார். மின்மினி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. பிறகு, ஓட்டுக்கு உள்ளேயிருந்து, ரொம்பச் சன்னமாக...

கீச்.

நேற்றிலிருந்து விழுங்கி வைத்திருந்த அழுகை முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். அக்காவும் அழுகிறார் என்பது அவருடைய தோள் குலுங்கியதில் தெரிந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட தம்பி, "எனக்கும் கேக்கணும், எனக்கும் கேக்கணும்" என்று இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளினான்.

அன்றும் மறுநாளும் முட்டைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஒரே ஒரு முட்டை மட்டும் கடைசி வரை பேசவேயில்லை. "எப்பவும் ஒண்ணு ரெண்டு இப்படி ஆகும். இது உன்னாலன்னு சொல்ல முடியாது" என்றார் அக்கா. மின்மினி தலையாட்டினாள். ஆனாலும் அந்த முட்டையை அவளே தோட்டத்து மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

கடைசியாக வெளியே வந்த குஞ்சு, மற்றவற்றில் பாதிதான் இருந்தது. "பொடிசு" என்றார் வாட்ச்மேன் மாமா. பெயர் ஒட்டிக்கொண்டது.

அழுகிற குஞ்சுப் படங்களும் கல்லூரி முழுக்க ஒட்டிக்கொண்டன. மிச்சமிருந்த படங்களை மின்மினி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மாலையில் வழக்கம்போல டிவியை அணைக்கப் போனவள் திகைத்து நின்றாள். சுவிட்சின் மேல் ஒரு குஞ்சு ஒட்டியிருந்தது.

"குஞ்சு இருந்தா அணைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்றான் தம்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

குஞ்சுகள் நன்றாக நடக்கத் தொடங்கியதும் ஆராய்ச்சியின் முக்கியமான நாள் வந்தது. ஆய்வகத் தரையில் அட்டையால் ஒரு பெரிய வளையம் கட்டினார்கள். குஞ்சுகளை நடுவில் விட்டுவிட்டு, அக்கா ஒரு பக்கம் மறைந்து நின்று மணியை ஆட்டுவார். முட்டைக்குள் கேட்ட மணியை ஞாபகம் வைத்திருந்தால் அவை அங்கே ஓட வேண்டும்.

"யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார் அக்கா. எல்லோரும் எதிர்ப்பக்கம் சுவரோரமாக நின்றார்கள். அன்றைக்குக் குளிரில் கிடந்ததில் அதுகளுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தால்?

கிணிங், கிணிங்.

குஞ்சுகள் தலையைத் தூக்கின. பிறகு ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் கும்பலாக மணியைப் பார்த்து ஓடின. அக்காவின் முகம் மலர்ந்தது. பொடிசு மட்டும் நடுவிலேயே நின்று திருதிருவென்று விழித்தது.

அதை எட்டிப் பார்க்கிற அவசரத்தில் மின்மினியின் முழங்கை ஸ்டூலில் பட்டது. மேலே இருந்த பென்சில் டப்பா தடதடவென்று விழுந்தது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"ஐயோ! மன்னிச்சுக்கோங்க! மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ..."

பொடிசு சட்டென்று கழுத்தை நீட்டியது. மணிப் பக்கம் பார்க்கவே இல்லை. குட்டி இறக்கையை விரித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, அவள் குரல் வந்த பக்கமாக ஓடிவந்தது. அட்டையின் கீழிருந்த இடுக்கில் நுழைந்து வெளியே வந்து, நேராக மின்மினியின் கால் பெருவிரல் மேல் ஏறி நின்றது.

அறையே கொல்லென்று சிரித்தது.

"மணிக்கு இத்தனை பேரு" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மன்னிப்புக்கு ஒரு ஆளு!"

மின்மினி காலை அசைக்கவே இல்லை. பொடிசு அவள் விரலின் மேல் வசதியாக உட்கார்ந்து, கண்ணை மூடித் தூங்கத் தொடங்கியிருந்தது.